பருப்புக்கீரைக்கு முடி வெட்டியவர்

உலகத்தில் இதுவரை பிறந்த தோட்டக்காரர்கள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் எல்லோரையும் ஒரு பெரிய மைதானத்தில் நிற்கவைத்து, "களையெடுப்பதில் யார் பெரிய ஆள்?" என்று கேட்டால், அத்தனை பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரே திசையில் கையைக் காட்டுவார்கள். அந்தத் திசையில் ஒரு சலூன் இருக்கும். அதன் வாசலில் கிராப்பு மாமா நிற்பார். ஒரு கையில் சீப்பு, மறு கையில் கத்தரிக்கோல். அவரைக் கண்டதும் களைகள் தம்முடைய வேரைத் தாமே பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடும். பூமிகூட அவர் குனிந்து நிமிரும்வரை சற்று நின்று, அப்புறம்தான் சுற்றும்.

இதையெல்லாம் மாமா தம் வாயால் சொல்லவில்லை. பாதிதான் சொன்னார்.

கிராப்பு மாமா அந்தத் தெரு முழுவதற்கும் மாமா. அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள் எல்லோரும் மருமக்கள். சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்று நன்றாக இருக்கும். மற்றது, கனமான ஆள் உட்கார்ந்தால் பெருமூச்சு விட்டபடி மெல்லக் கீழே இறங்கும். மாமாவும் அதற்கேற்றபடி மெல்லக் குனிந்துகொண்டே வெட்டுவார். கடைசியில் இருவரும் தரைக்குப் பக்கத்தில் இருப்பார்கள். சரிசெய்ய ஆளைக் கூப்பிடலாமே என்றால், "எனக்குத் தெரியாத வேலையா?" என்பார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் அந்த வீட்டில் ஒரு குழாயும் ஒரு கதவும் ஒரு மிக்ஸியும் பாதி உயிரோடு இருந்தன.

சலூனுக்கு மேலே வீடு. சலூன் வாசலிலிருந்து மின்சாரப் பெட்டி வரைக்கும், சிமென்ட் விளிம்பு கட்டிய நீளமான பாத்தி ஒன்று. அது அத்தையின் ராஜ்ஜியம். அத்தைக்கு ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. அங்கே இருந்த தொட்டியிலிருந்து பத்துமணிப் பூவின் தண்டு ஒன்றைக் கிள்ளி, ஈரப் பஞ்சில் சுற்றி, கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து நட்டுவைத்தார். அந்த ஒரு கிள்ளு பாத்தி முழுக்கப் பரவி, வெயில் ஏறியதும் சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக வாயைத் திறக்கும். சைக்கிளில் போகிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள்.

"நாள் பூரா வலியில வாயைத் தொறக்கற ஜனங்களையே பார்க்கறேன். வீட்டு வாசல்லயாவது ஏதாவது சந்தோஷமாத் தொறக்கட்டுமே," என்பார் அத்தை.

மாமாவுக்கு அந்தப் பாத்தியைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான் இருந்தது: வண்டி நிறுத்த இடம் போச்சு.

இப்படி இருக்கையில் ஒருநாள் அத்தை பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினார். மாமாவிடம் சொல்லியிருந்தால் அவரே மாற்றியிருப்பார். அந்த பயத்தில்தான் அத்தை தாமே ஏறினார். ஸ்டூல் ஒரு பக்கம் போயிற்று, அத்தை இன்னொரு பக்கம் போனார். கணுக்கால் எலும்பில் விரிசல். முழங்கால் வரை மாவுக்கட்டு. மாடிப்படி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தையை ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே பாத்தி.

"செடி என்ன ஆகுமோ," என்றார் அத்தை.

"நான் இருக்கேன்ல?"

"அதனாலதாங்க கேக்கறேன்."

மாமாவுக்குச் சுருக்கென்றது. மாவுக்கட்டின்மேல் கையை வைத்து, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவரைப் போல, "கட்டுப் பிரிச்சு நீ கீழ இறங்கி வர்ற அன்னைக்கு உன் பாத்தி எப்படி இருக்குன்னு பாரு. உன் கண்ணே பட்டுடும்," என்றார். அத்தை அன்று ராத்திரி வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்ளாமலே தூங்கினார். அதைப் பார்த்ததிலிருந்துதான் மாமாவுக்கு நிஜமான கவலை பிடித்தது. வாயால் சொன்ன எத்தனையோ வாக்கு காற்றோடு போயிருக்கிறது. இதை ஒருத்தி நம்பிவிட்டாளே!

இரண்டாவது வாரம், பத்துமணிச் செடிகளுக்கு நடுவே புதிதாக ஒன்று தலைகாட்டியது. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சிவந்த, வழுவழுப்பான, தண்ணீர் குடித்துப் பருத்த தண்டு. இலைகள் பொம்மைக் கரண்டியின் நுனியைப் போலத் தட்டையாக, மொழுமொழுவென்று இருந்தன. மாமா அதைப் பத்துமணியின் குழந்தை என்று நினைத்து ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினார். அது ஒரு குழந்தை வளரும் வேகமாக இல்லை. சாயங்காலம் உள்ளங்கை அளவு இருந்தது மறுநாள் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது.

அப்போது முகச்சவரத்துக்கு வந்திருந்தார் தெருக்கோடிக் குழாய்க்காரர். உடைந்த குழாயைச் சரிசெய்ய ஊரில் பாதித் தோட்டங்களைத் தோண்டியவர். நாற்காலியில் உட்காரும்போதே வாசலைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாமா, பருப்புக்கீரை போட்டிருக்கீங்க?"

"கீரையா? பத்துமணிப் பூய்யா அது."

"பத்துமணிக்குச் சொந்தந்தான். கூப்பிடாமலே வந்து, போகாமலே தங்கற சொந்தம். இலையைப் பாருங்க. பத்துமணிக்கு ஊசி மாதிரி உருண்டு இருக்கும், இதுக்குத் தட்டையா இருக்கும். ஒரு தண்டை ஒடைங்க, பால் வருதா?"

மாமா போய் ஒடித்துவிட்டு வந்தார். "தண்ணிதான் வருது."

"அப்போ பருப்புக்கீரையேதான். இதே மாதிரி தரையில படுத்து வளர்ற அம்மான் பச்சரிசின்னு ஒண்ணு இருக்கு. அதை ஒடிச்சாப் பால் வரும். கீரைன்னு நெனச்சு அதை வாயில வெச்சுடாதீங்க. சரி, இதை எடுக்கணும்னா நீங்க முக்கியமா ஒண்ணு..."

அந்த நேரம் பார்த்து மாமா பிரஷ்ஷை எடுத்து அவர் வாயைச் சுற்றி நுரையைப் பூசினார். முக்கியமான அந்த ஒன்று நுரைக்குள் போய்விட்டது.

"ம்ம் ம்ம்ம்," என்றார் குழாய்க்காரர்.

"பேசாதீங்க, கத்தி பட்டுடும். களைதானே? எனக்குத் தெரியாத வேலையா?"

சவரம் முடிவதற்குள் குழாய்க்காரருக்கு ஃபோன் வந்தது. யாரோ வீட்டில் தண்ணீர் கூரையிலிருந்து கொட்டுகிறதாம். ஓடிவிட்டார்.

மாமா யோசித்தார். தேவையில்லாமல் வளர்வது எதுவாக இருந்தாலும் அதற்கு மருந்து ஒன்றுதான். வாழ்க்கை அவருக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. முக்காலியைப் பாத்தி ஓரத்தில் போட்டார். சீப்பால் செடியைத் தூக்கிப் பிடித்தார். கத்தரிக்கோல் பேசத் தொடங்கியது.

உள்ளே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள் அவருடைய அக்கா மகள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் சலூனுக்கு வருவாள். சில நாள் வழி அத்தோடு முடிந்துவிடும். தெருவில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"மாமா, பின்னாடி மீடியம், சைடுல ஷார்ட்டா?" என்றாள்.

"வாயை மூடுடி."

"கிருதா வெக்கணுமான்னு அதுக்கிட்டக் கேட்டீங்களா?"

தொழிலில் இருக்கும்போது மாமா யாருக்கும் இரண்டாவது பதில் சொல்வதில்லை. முடித்ததும் எழுந்து, இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். அருமையான கிராப்பு. களை அவ்வளவு லட்சணமாக எங்கேயும் இருந்திருக்காது. வெட்டி விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்கி, வீணாக்குவானேன் என்று பாத்தியின் மறுகோடி வரை உரமாகத் தூவிவிட்டு, தண்ணீரும் தெளித்தார்.

குழாய்க்காரரின் வாயிலிருந்த நுரைக்குள் போனது இதுதான்: பருப்புக்கீரையை வெட்டினால் அது சாகாது. ஒவ்வொரு துண்டும் ஈரமண்ணில் வேர்விட்டு ஒரு தனிக் குடும்பமாகிவிடும்.

ஒரே வாரம். பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மாமா தூவின இடத்திலெல்லாம், தூவின அடர்த்தியிலேயே, குட்டிக் கரண்டிகள் எழுந்து நின்றன. விதை போட்டு வளர்க்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு சீராக வராது. பத்துமணிச் செடிகள் நடுவில் நெரிசல் பஸ்ஸில் மாட்டிய பெரியவர்களைப் போல மூச்சுத் திணறின.

மேலே ஜன்னல் திறந்தது.

"என்னங்க, ஒரே பச்சையாத் தெரியுது, பூவைக் காணோமே?"

"தளிர் விடுது! இப்போதான் துளிர்க்குது!"

"அவ்வளவு தளிரா?"

"நான் பார்த்துக்கறேன்ல, அப்படித்தான் இருக்கும்!"

ஜன்னல் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை யுத்தம் என்றுதான் சொல்லவேண்டும், ஒரு தரப்பு மட்டுமே காயம்பட்ட யுத்தம். முதலில் முடிவெட்டும் மெஷினை ஜீரோவில் வைத்து ஓட்டினார். மெஷின் பல்லில் மண் ஏறி, அடுத்து உட்கார்ந்த வாடிக்கையாளரின் பின்னந்தலையில் ஒரு ரோடு போட்டது. பிறகு படிகாரத் தண்ணீர் தெளித்தார். எறும்புகள் வீடு மாறின, களை மாறவில்லை. சவரத்துக்குப் பின் போடுகிற லோஷனை ஒரு பாட்டில் முழுக்க அடித்தார். தெருவே மாப்பிள்ளை வாசனை அடித்தது. களை அந்த வாசனையோடு இன்னும் இரண்டு கிளை விட்டது. கடைசியாகக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார். அது வேலை செய்தது. ஊற்றிய இடத்தில் பருப்புக்கீரை சுருண்டு விழுந்தது. அதோடு சேர்ந்து அத்தையின் ஆரஞ்சுப் பத்துமணி முழுவதும் வெந்துபோயிற்று.

அன்று மாமா சலூனை அரைமணி நேரம் சாத்திவிட்டு, உள்ளே அந்த இறங்குகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி அவரைக் கீழே இறக்கியது. எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் பாத்தி நடுவே ஓர் அட்டைப் பலகை நின்றது. 'இங்கே நிற்பவர்களுக்கும் முடி வெட்டப்படும்' என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இரண்டு. தெருவே நின்று படித்துச் சிரித்தது.

"அடியே வாலு, இது உன் வேலைதானே?"

"என்ன மாமா, எனக்கு எழுதவே வராதுன்னு டீச்சர் சொல்றாங்க. நீங்க வேற."

மாமா பலகையைப் பிடுங்கி மடக்கினார். எப்போதும்போல ஒரு கொட்டு வைக்கக் கையை ஓங்கினவர், வைக்காமல் இறக்கிவிட்டார். "உங்க அத்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்டி," என்றார். வாலு பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். அது அந்தத் தெருவில் நடந்த முதல் அதிசயம்.

குழாய்க்காரர் மறுபடி சவரத்துக்கு வந்தபோது மாமா பிரஷ்ஷைத் தூரத்தில் வைத்துவிட்டு, எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சோப்பு போடறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"போன தடவையே சொல்ல வந்தேன் மாமா. நீங்கதான் வாயை அடைச்சிட்டீங்க. வெட்டாதீங்கன்னு சொல்லத்தான்..."

"அது தெரிஞ்சுபோச்சு. மேல சொல்லுங்க."

"மண்ணை நல்லா நனைச்சு விடுங்க. அதுக்கு நடுவுல ஒரே ஒரு ஆணிவேர்தான். எத்தனை கை நீட்டிப் படுத்திருந்தாலும் எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டிப் பிடிச்சு, அடியில விரலை விட்டு இழுத்தா முழுசா வந்துடும். மஞ்சளாப் பூக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும். பூத்தா, கடுகுல பத்துல ஒரு பங்குகூட இல்லாத கறுப்பு விதை ஆயிரக்கணக்குல கொட்டிடும். அப்புறம் உங்க பேரன் வந்து களையெடுக்கணும். இன்னொண்ணு, கொத்திக் கிளறாதீங்க. அடியில தூங்கற விதையெல்லாம் மேல வந்து வெளிச்சத்தைப் பார்த்து முழிச்சுக்கும்."

"எடுத்துட்டு?"

"எடுத்ததை அங்கயே போடாதீங்க. சாக்குல போட்டு வாயை இறுக்கிக் கட்டி வெயில்ல வெச்சிடுங்க. காலியான இடத்துல ஈரப் பேப்பர் விரிச்சு மேல காய்ஞ்ச இலையைப் பரப்புங்க. வெளிச்சம் படலைன்னா முளைக்காது. பத்துமணி திரும்பப் படர்ந்துட்டா அதுவே மூடிக்கும்."

மாமா தலையை ஆட்டினார். அவர் வாழ்நாளில் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை. குழாய்க்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் சவரத்துக்குத் தலையைச் சாய்த்தார்.

அன்றிலிருந்து மாமா கடை திறப்பதற்கு முன்னும், ஆளில்லாத நேரத்திலும் பாத்தியில் குந்தி உட்கார்ந்தார். முதல் நாள் பிடுங்கியதை மட்டும், சாக்கு கிடைக்காமல் பக்கெட்டில் போட்டு வைத்தார். அது பக்கெட்டில் படுத்தபடியே மறுநாள் காலையில் மஞ்சளாகப் பூத்தது. அது செத்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முழங்கால் கெஞ்சியது. பத்துமணி எது, பருப்புக்கீரை எது என்று ஒவ்வொன்றாக இலையை விரலில் உருட்டிப் பார்த்துப் பிடுங்குவதற்குள் வாடிக்கையாளர் வந்துவிடுவார். மண்கையோடு தலையைத் தொடமுடியாது; கழுவவேண்டும்; வெட்டவேண்டும்; மறுபடி குந்தவேண்டும். மாவுக்கட்டு பிரிக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம் பாத்தியில் பாதி சுத்தமாயிருந்தது. மின்சாரப் பெட்டிப் பக்கத்துப் பாதி இன்னும் கொழுகொழுவென்று நின்றது. அங்கங்கே மொட்டும் வைத்துவிட்டது.

அத்தை திட்டமாட்டார். அது மாமாவுக்குத் தெரியும். திட்டினால் திருப்பித் திட்டிச் சமாளித்துவிடலாம். அத்தை ஒன்றும் சொல்லாமல், தேறாத காலை நீட்டிக்கொண்டு, பாத்தி விளிம்பில் உட்கார்ந்து தாமே பிடுங்க ஆரம்பிப்பார். அந்தக் காட்சியைத்தான் மாமாவால் பார்க்கமுடியாது. காலையில் அத்தையைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றும்போது, அவர் கண்ணில் பாத்தி படாதபடி தம் முதுகால் மறைத்துக்கொண்டே ஏற்றினார். அவ்வளவு பெரிய முதுகுக்கு முதல்முறையாக ஓர் உபயோகம் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறுக்கிறவர் மெஷினை எடுத்தார். சொல்லிவிடலாம், வீட்டுக்குப் போய் அவளே பார்ப்பதற்கு முன் சொல்லிவிடலாம் என்று மாமா முடிவெடுத்து, அத்தையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, முழுவதையும் சொன்னார். கத்தரிக்கோல், மெஷின், லோஷன், கொதிநீர், ஆரஞ்சுப் பூ, ஒன்று விடாமல். கண்கூடக் கலங்கியது. அந்த நேரம் முழுக்க மெஷின் ரம்பம்போலக் கத்திக்கொண்டிருந்தது. மெஷின் நின்றதும் அத்தை திரும்பி, "ஏதோ சொன்னீங்களே?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வலிக்குதான்னு கேட்டேன்."

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றபோது மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அத்தை கைத்தடியை ஊன்றி இறங்கும் சத்தம் கேட்டது. மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

பாத்தி சுத்தமாக இருந்தது. அந்தக் கோடி வரை. காலி இடத்தில் ஈரப் பேப்பர், அதன்மேல் காய்ந்த இலை, அதுவும் அவசரத்தில் தாறுமாறாகப் பரப்பியிருந்தது. நடுநடுவே பிழைத்துக் கிடந்த பத்துமணிகள் வெயிலில் வாயைத் திறந்திருந்தன. மின்சாரப் பெட்டியில் சாய்ந்தாற்போல ஒரு சாக்கு, வாய் கட்டப்பட்டு, குண்டாக உட்கார்ந்திருந்தது.

மாமா வாயைத் திறந்தார். எல்லாம் நான்தான் பண்ணினேன் என்று சொன்னால் போதும். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டலாம். "இந்தப் பாதி நான் பண்ணினேன்," என்றார். "அந்தப் பாதி நான் இல்ல. அப்புறம் உன் ஆரஞ்சுப் பூவை நான் வேகவெச்சுட்டேன்."

"தெரியும்."

"மெஷின் சத்தத்துலயும் கேட்டுச்சா?"

"எனக்கு ஒடஞ்சது காலுங்க, கண்ணில்ல. இத்தனை நாளும் ஜன்னல்ல உக்காந்து நான் வேற என்னத்தைப் பார்த்தேன்? நீங்க சீப்பு வெச்சு வெட்டுனதையே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டா சும்மா இருந்தே? ஒரு குரல் குடுத்திருக்கலாமே!"

"செடி போனா என்ன, கிளினிக்குல தொட்டி இருக்கு, ஒரு கிள்ளு கிள்ளிட்டு வந்தா ஆச்சு. கல்யாணம் ஆனதுலேருந்து என் செடி பக்கத்துல நீங்க ஒருதடவையாவது குனிஞ்சிருக்கீங்களா? குனியட்டும்னு விட்டுட்டேன்." அத்தை தடியால் பேப்பரின் மூலையை ஒதுக்கிவிட்டார். "ஆனா லோஷன்தான் கொஞ்சம் ஓவர்."

மாமா சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

மீதிப் பாதியை யார் எடுத்தது என்பதுதான் புரியவில்லை. குழாய்க்காரர் அன்று வெளியூரில் இருந்தார். எதிர்க்கடைக்காரர் எதையும் பார்க்கவில்லை. ஆக, யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த வழியாகப் போனவர், இந்தப் பெரிய மனிதரின் நிலையைக் கண்டு மனம் இளகி, யாரிடமும் சொல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார். யாரோ.

இதுவரை தான் எழுதியதை வாலு, சலூனில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, மாமாவுக்கு உரக்கப் படித்துக்காட்டினாள். பூமி நின்று சுற்றும் இடத்தில் மாமா அடக்கமாகத் தலையாட்டினார். லோஷன் இடத்தில் முறைத்தார். கடைசி வரிக்கு வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"யாரோவா?"

"ஆமா மாமா. யாரோ."

மாமா மேஜை டிராயரை இழுத்து, ஒரு ரப்பர் பேண்டை எடுத்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தார். சாக்கின் வாயைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட். அதில் ஒரே ஒரு முடி சுற்றிக்கொண்டிருந்தது.

"நுனி ரெண்டாப் பிளந்திருக்கு. எண்ணெயையே பார்க்காத முடி. காதுக்குப் பின்னாடி மட்டும் இப்படிச் சுருளும். போன மாசம் நான் ஒரு இஞ்ச் அதிகமா வெட்டிட்டேன்னு ஊரைக் கூட்டி அழுத முடி. எங்கிட்டயே கதை விடறியா? அந்த 'யாரோ'வை அடிச்சுட்டு 'நான்'னு எழுது."

வாலு ரப்பர் பேண்டைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள்.

"எழுதினா, அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகலைன்னு தெரிஞ்சுடுமே மாமா," என்றாள்.